பார்வதிக்கு எழுத்து ஏறவில்லை

1

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கடிதம் எழுத மட்டும். ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரி மறந்துவிடுகிறது. வயது எழுபத்து நான்கு ஆகிறது. முன்னுக்குப் பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளை எதிரில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் எனக்கு வாய் எழும்பாது. அதனால் எழுதுகிறேன்.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, கை ஓடும் வரைக்கும் கொழுந்து பறித்தவள் நான். இப்போது லண்டனில் இளைய மகள் கலா வீட்டில் இருக்கிறேன். வந்து இந்த ஐப்பசியோடு ஆறு வருடம். கலா வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லத்தில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை சிவநேசன் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளை டவுனில் பள்ளிக்கூட மாஸ்டராக இருந்தவர். கலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே பிள்ளை, அபிநயா. எட்டு வயது. அபி என்று கூப்பிடுவோம்.

பகலில் நானும் அபியும்தான். மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பேன். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி ஊற்றி ரஸ்க் கொடுப்பேன். பிறகு பள்ளிக்கூடத்துக் கதைப் புத்தகத்தை அவள் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்ததைப் பெரியவர் ஒருவர் கேட்டதாக ஒரு சின்னக் கொப்பியில் கையெழுத்தும் போட வேண்டும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் நான்தான் கேட்பேன், நான்தான் தமிழில் கையெழுத்துப் போடுவேன். அவள் கடகடவென்று வாசிப்பாள். நாய்க்கு ஒரு குரல், பாட்டிக்கு ஒரு குரல். கேட்கவே சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் புத்தகத்தில் ஜாம் பட்டு இரண்டு தாள் ஒட்டிப்போயிருந்தது. அவள் இரண்டையும் சேர்த்துப் புரட்டிவிட்டாள். நாய் ஆற்றில் விழுகிற படம் அந்த ஒட்டிய தாளுக்குள் போய்விட்டது. எதிரில் இருந்தது பிறந்தநாள் கேக் வெட்டுகிற படம். அபியோ நாய் கத்துவதுபோலக் கத்தி, தண்ணீர் தெறிப்பதுபோலக் கையை ஆட்டி, ஒரு சொல் தடுக்காமல் வாசித்துக்கொண்டே போனாள்.

நான் ஒரு சொல்லின் கீழே விரலை வைத்தேன்.

"இது என்னம்மா?"

அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அம்மம்மா, உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே. பிறகு ஏன் கேக்கிறீங்கள்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தக் கழுத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், சிமினி விளக்குக்குப் பக்கத்தில், என் மகள் பார்வதியிடம்.

அன்றைக்கும் கொப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதையும் சொல்ல வேண்டும்.

2

கலா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன்.

"கலா, புள்ள வாசிக்கலம்மா. மனப்பாடமா ஒப்பிக்குது."

"ஒங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்? அது இங்கிலீஷ் புத்தகம்."

"படத்தப் பாத்தேன்."

கலா சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, சமையலறையிலிருந்து பிஸ்கட் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், அதில் இருந்த எழுத்தை வாசிக்கும்படி அபியிடம் நீட்டினாள். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடிவிட்டாள். கலா கோட்டைக் கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். என்னைக் குறையில்லாமல் காப்பாற்றுகிறவர். ஆனால் படிப்பு என்று வந்தால் அவருக்குக் கண் தெரியாது.

"பஞ்சி, மாமி. வேற ஒண்டும் இல்லை" என்றார். சோம்பலை அவர்கள் பக்கத்தில் பஞ்சி என்பார்கள். "எங்கட ஆக்களில ஒருத்தரும் படிப்பில பின்னுக்கு நிண்டது இல்லை. அந்த டிவியை நிப்பாட்டினா எல்லாம் தன்பாட்டில சரிவரும்."

டிவியை நிறுத்தினார். ஒரு நாளைக்கு இருபது சொல், ஒவ்வொன்றும் பத்துத் தடவை எழுத வேண்டும் என்று சட்டம் போட்டார். பிள்ளை எழுதும். ஒரே சொல்லைப் பத்துத் தடவையில் ஆறு விதமாக எழுதும். அவர் சத்தம் போடுவார். காலையில் வயிற்றுவலி என்று அபி சுருண்டு படுப்பாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. படிப்பு ஏறக் கஷ்டப்படுகிற பிள்ளைகளைப் பார்க்கிற டீச்சர் வரச் சொல்லியிருந்தார். நால்வரும் போனோம். தலை நரைத்த வெள்ளைக்கார அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். முன்னால் ஒரு நீளமான படிவம். காது கேட்குமா, கண் பார்த்தாயிற்றா, பிரசவம் எப்படி, எந்த வயதில் பேச்சு வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கலாவும் மாப்பிள்ளையும் பதில் சொன்னார்கள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

கடைசிப் பக்கத்தில் டீச்சர் விரலை வைத்து மெதுவாகக் கேட்டார். மதர், ஃபாதர், சிஸ்டர், பிரதர், ஆன்ட்டி, அங்கிள். அந்தச் சொற்கள் எனக்குத் தெரியும். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்கிறார். விளங்கிவிட்டது.

கலா என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நோ" என்றாள்.

அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். இன்னும் கொஞ்ச மாதம் பார்க்கலாம், சில பிள்ளைகள் தாமதமாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொன்னாராம். திரும்பி வருகிற வழியில் மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு பாஷையில அவள் குழம்பிப் போனாள். இனி வீட்டில அவளோட தமிழ் கதைக்க வேண்டாம், மாமி. குறை நினையாதேங்கோ. பிள்ளைக்காகத்தான்."

எனக்கு வேறு பாஷை இல்லை. அடுத்த நாளிலிருந்து தேத்தண்ணியை மேசையில் வைப்பேன். அவள் குடிப்பாள். நான் அவள் தலையைத் தடவுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஒரு நாள் அவள் என் காதில் வாயை வைத்து, "அம்மம்மா, நான் பிழை விட்டதாலயா நீங்கள் கதைக்கிறேல்ல?" என்று கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

கலாவிடம் தனியாகக் கேட்டேன், ஏன் இல்லை என்று சொன்னாய் என்று.

"அக்கா கதைய எதுக்கும்மா அங்க? தோட்டத்துல யாருதான் படிச்சாங்க, அதுல அக்காவும் ஒண்ணுன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அப்பிடியே இருக்கட்டும். அதோட அந்தப் பேரு சிக்கல் வேற. நான் இந்த நாட்டுக்குக் குடுத்த பேப்பர் எல்லாத்துலயும் அக்கா பேரு லெட்சுமி. இப்ப போயி பார்வதின்னு எழுதினா யாரு அந்தப் பார்வதின்னு கேப்பாங்க."

கலாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சிக்கலைப் போட்டவள் நான்.

3

எனக்கு மூன்று பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். மூத்தவள் லெட்சுமி, வெள்ளிக்கிழமை பிறந்தவள். மாவுக்கும் அரிசிக்கும் தோட்டம் முழுக்கத் தவித்த காலத்தில், இரண்டு வயது முடிவதற்குள் வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். அவள் செத்ததை யாரும் எந்த ஆபீசிலும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் மட்டும் தகரப் பெட்டியில் கிடந்தது. அடுத்தவள் பார்வதி. லெட்சுமிக்கு நான்கு வயது இளையவள். அதற்குப் பிறகு ஏழு வருடம் கழித்துக் கலா.

பார்வதி சின்னதிலே கெட்டிக்காரி. காமன் கூத்துப் பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும், விடிய முன்னே முழுவதையும் பாடுவாள். எந்த மலையில் எந்தக் கிழமை கொழுந்து எடுப்பார்கள் என்று வேலை பிரிக்கிற கணக்கப்பிள்ளைக்கு முந்திச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு மாஸ்டர். முதல் வருடம் அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் சொல்வதைக் கேட்கப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஒங்க மக டீச்சரம்மாவாத்தான் போகும் பாருங்க" என்பார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குத் தலை கால் புரியாது.

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு இருந்தது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மலையிலிருந்து நனைந்து வருவேன், அடுப்பு மூட்டுவேன், படுப்பேன். கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும் புத்தகம் தலைகீழாக இருந்ததைப் பார்த்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வகுப்பில் மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். அவள் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைப் புரட்டி வைத்தாராம். அவள் நிறுத்தாமல் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டு போனாளாம்.

"ஊர ஏமாத்துறியா?" என்று பிரம்பை எடுத்தார். புத்தகத்தைத் தலையில் வைத்து வாசலில் நிற்க வைத்தார். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான் மக்குப் பார்வதி. இரண்டே நாளில் லயம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

இரண்டாம் வகுப்பிலேயே மூன்று வருடம் இருந்தாள். கோயில் பூசாரி மந்திரித்து நூல் கட்டினார். வீட்டுக்காரர் அடித்தார். நானும் அடித்தேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை விறகுக்குக் கட்டி வருவோமே, அதிலிருந்து ஒன்றை உருவி அடித்தேன். 'க' எழுதச் சொல்லி அடித்தேன். அவள் எழுதினாள். அடுத்த நாள் அந்த 'க' அவளுக்கு இல்லை. எங்கே போனது என்று அவளுக்கும் தெரியவில்லை.

மாஸ்டர் என்னை வரச் சொன்னார். வாசலுக்கு வெளியே நின்றேன்.

"இதுக்குத் தலையில ஒண்ணும் ஏறாது. இடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு. கொழுந்துக்கு அனுப்புங்க, கை நல்லா ஓடுது" என்றார்.

"சரிங்க" என்றேன். ஏன் ஏறவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவும் இல்லை, துணிச்சலும் இல்லை.

தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய வயது காணாது. அவளுக்குப் பன்னிரண்டு. எங்கள் தோட்டங்களில் அப்போது இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மூத்த பிள்ளை செத்துப் போயிருந்தால், அதன் பிறப்புப் பத்திரத்தை இளையதுக்குக் காட்டி வேலைக்குப் பேர் போடுவார்கள். நாலைந்து வீட்டில் செய்திருந்தார்கள். நானும் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

ஆபீஸ் ஜன்னலில் கிளாக்கர் ஐயா கேட்டார். "பேர் என்ன?"

பார்வதி, "பார்வ..." என்று தொடங்கினாள். நான் அவள் கையைக் கிள்ளினேன்.

"லெட்சுமிங்க" என்றேன்.

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளைக்கு எங்கள் வீட்டு விஷயம் எல்லாம் தெரியும். "என்னம்மா, செத்த புள்ள எந்திரிச்சி வந்திருச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பார்வதியும் சிரித்தாள். கிளாக்கர் எழுதினார். கையெழுத்துக்குப் பதிலாக அவளுடைய பெருவிரலை மையில் அழுத்தி ஒற்றினார்கள்.

முதல் கிழமை முழுக்க, காலைப் பெரட்டில் நின்று ஆள் கூப்பிடும்போது, லெட்சுமி என்றால் அவள் திரும்பவே மாட்டாள். "காது அடைச்சுப் போச்சா ஒனக்கு?" என்று கணக்கப்பிள்ளை கத்துவார். பிறகு பழகிவிட்டாள். அடையாள அட்டையும் அந்தப் பெயரில் வந்தது. கலியாணப் பதிவும் அந்தப் பெயரில்தான்.

இதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். அந்தப் பத்திரத்தை எடுத்த அன்றைக்கு என் மனதில் என்ன இருந்தது என்றால், இவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே, தாளில் எந்தப் பெயர் இருந்தால் இவளுக்கு என்ன என்பதுதான். கலாவாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன்.

4

அபி என் காதில் கேட்ட கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. மூன்று கிழமை பொறுத்தேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விடுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமே போய்விட்டேன். கலாவுக்கும் சொல்லவில்லை, மாப்பிள்ளைக்கும் சொல்லவில்லை.

அங்கே மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிற தவமணி என்ற பெண்ணை வாசலில் கண்டு பழக்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாய் நிறையப் பேசுவாள். அவளை நிறுத்தி, அந்த டீச்சரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கூட வருவாயா என்று கேட்டேன்.

"என்ன, ஆரும் பிள்ளைக்கு அடிச்சுப் போட்டினமா?"

"இல்லம்மா. எங்க வீட்டு விஷயம்."

"சரி வாங்கோ அம்மா. சுருக்கமாச் சொல்லுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு பெரிய சட்டி கழுவக் கிடக்கு."

டீச்சர் எங்களை உட்கார வைத்தார். நான் கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தேன். தவமணி என் முழங்கையில் இடித்தாள். சொல்லத் தொடங்கினேன். தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. புத்தகம் தலைகீழாக இருந்தது, மாஸ்டர் பக்கத்தைப் புரட்டியது, மூன்று வருடம், குச்சி, எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி முதலில் சட்டி கழுவுகிற அவசரத்தில் இரண்டு சொல்லில் மொழிபெயர்த்தாள். போகப் போக அவளும் நீளமாகச் சொன்னாள். இடையில் ஒரு தடவை சொல்லாமல் நிறுத்திவிட்டாள்.

"என்ர அண்ணாவுக்கும் இப்பிடித்தான் அடி விழுந்தது, அம்மா" என்று தமிழில் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் இங்கிலீஷுக்குப் போனாள்.

டீச்சர் பழைய படிவத்தை எடுத்தார். கலா இல்லை என்ற கட்டத்தில் இருந்த கோட்டை அடித்தார். பிறகு ஒன்று கேட்டார்.

"அவவின்ர பேர் என்னவெண்டு கேக்கிறா" என்றாள் தவமணி.

ஆபீசில் இருப்பவர் எழுதுவதற்குப் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் மகளின் பெயரைக் கேட்கிறார். கலாவின் பேப்பரில் லெட்சுமி. அடையாள அட்டையில் லெட்சுமி. மாற்றிச் சொன்னால் என்ன வம்பு வருமோ.

"பார்வதி" என்றேன்.

டீச்சர் எழுதினார். எப்படி எழுதுவது என்று தவமணியிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினார். அவருக்குத் தெரியாது, தோட்டத்துப் பள்ளிக்கூடப் பதிவை விட்டால் அந்தப் பெயர் ஒரு ஆபீசில் எழுதப்படுவது அதுதான் இரண்டாவது தடவை என்று. முதல் தடவை அவள் பிறந்தபோது.

அப்புறம் டீச்சர் சொன்னதைத் தவமணி எனக்கு விளக்கிச் சொன்னாள். இது சோம்பல் இல்லை, புத்திக் குறைவும் இல்லை. கண்ணும் காதும் நன்றாக இருக்கும். சத்தத்தையும் எழுத்தையும் ஒன்று சேர்க்கிற வேலை மட்டும் மூளைக்குள் சுற்றுவழியில் போகிறது. பிறவியிலே வருவது. குடும்பத்தில் ஓடக்கூடியது. அதனால்தான் அப்படிக் கேட்டார்களாம். இரண்டு பாஷை பேசுவதால் இது வராதாம். பாட்டியோடு தமிழ் பேசுவதை நிறுத்தவே வேண்டாமாம்.

நான் அந்த இடத்தில்தான் அழுதேன். டீச்சர் ஒரு பெட்டியிலிருந்து தாள் உருவிக் கொடுத்தார்.

5

வீட்டில் மாப்பிள்ளை இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கலா, "இத்தன வருஷம் மூடி வச்சத இப்பிடிப் போட்டு ஒடச்சிட்டீங்களேம்மா" என்று அழுதாள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முதலே சொல்லியிருக்கலாம் மாமி. நான் பிள்ளையைக் கனக்கப் பேசிப்போட்டன்" என்றார். இருபது சொல் எழுதுகிற கொப்பியை அவரே எடுத்துப் போட்டுவிட்டார்.

சோதித்துப் பார்க்க ஆள் வந்தார்கள். அதற்குப் பெயர் டிஸ்லெக்சியா. கலா தமிழில் எழுதிக் கொடுத்தாள், இன்னும் என் வாயில் சரியாக வருவதில்லை. இப்போது அபியைக் கிழமைக்கு மூன்று நாள் தனியாக வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு நாள் என்னையும் பார்க்க விட்டார்கள். ஒரு தட்டில் மணல். ஒரு எழுத்தை டீச்சர் வாயால் சத்தமாகச் சொல்கிறார். அபியும் அதே சத்தத்தைச் சொல்லிக்கொண்டு மணலில் விரலால் எழுதுகிறாள். வாய், காது, கை மூன்றும் ஒன்றாகப் போக வேண்டுமாம். நேற்றுப் படித்ததை இன்றைக்கு மறந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டீச்சர் முகம் சுளிக்கவே இல்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்வதில்லை. சோதனைக் கேள்வியை யாராவது வாசித்துக் காட்டுகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். மணலும் பொறுமையும். எங்கள் தோட்டத்தில் மணல் இல்லாமலா இருந்தது?

பார்வதி இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறாள். மகன் குடும்பத்தோடு இருக்கிறாள். இப்போதும் மலைக்குப் போகிறாள். போனில் என் படத்தைத் தொட்டால் நான் வருவேன் என்று அவளுடைய மருமகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்தேன்.

"பார்வதி, ஒனக்கு ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்கம்மா. அடுப்புல சோறு கெடக்கு, இருந்தாலும் சொல்லுங்க."

அபிக்கு இருப்பதையும் அதற்கு இங்கே ஒரு பெயர் இருப்பதையும் சொன்னேன். அது உனக்கும் இருந்தது என்றேன். அது உன் பிழை இல்லை, சொல்லிக்கொடுக்கத் தெரியாதவர்களின் பிழை, என் பிழை என்றேன்.

"அதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"பரவாயில்லயே. எனக்குத்தான் இல்லாமப் போச்சு."

அவளே கேட்டாள். "இத யாருகிட்ட சொன்னீங்க?"

"இங்க ஸ்கூல் டீச்சருகிட்ட."

"வெள்ளக்காரம்மாகிட்டயா? அவங்களுக்கு என்னையத் தெரியுமா? நான் போயி அவங்க முன்னால நிக்கப் போறேனா?" குரல் உயரவில்லை. சோறு கிண்டுகிற சத்தம் கேட்டது. "இங்க ஒருத்தருகிட்டயும் நீங்க சொல்லலியேம்மா. நாப்பது வருஷமா மக்குன்னுதான் கூப்புடுறாங்க. நேத்து கிளினிக்குல மருந்துச் சீட்டக் குடுத்து வாசிக்கச் சொல்றாங்க, தெரியாதுன்னா சிரிக்கிறாங்க. மருமக, எங்க அத்தைக்கு மண்டையில ஒண்ணும் இல்லன்னு சொல்லிச் சிரிக்குது. அந்தப் பேத்திக்காக அங்க போயி சொன்னீங்க. சரி, நல்லது. எனக்காக இங்க சொல்லுங்க."

"நான் அங்க எப்பிடிம்மா வர்றது, இந்த வயசுல?"

"ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் அவள் எடுப்பதில்லை. ஐந்து கிழமை ஆகிறது.

6

அதனால்தான் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதினேன். எழுதி முடிக்க இருபது நாளுக்கு மேல் ஆனது.

எங்கள் தோட்டங்களில் பள்ளிக்கூடம் நடத்துகிற டீச்சர்மார் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தைப் பாராமல் தண்ணீர் பட்டபாடாக ஒப்பிக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், ஒரு சொல்லின் கீழே விரலை வைத்துக் கேட்டுப் பாருங்கள். அடிப்பதற்காக இல்லை. அந்தப் பிள்ளை அவ்வளவையும் காதால் கேட்டே மனதில் வைத்திருக்கிறது. அது மக்காக இருக்க முடியாது. இதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பத்திரிகை ஆசிரியர் தம்பிக்கு: தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. அட்டையில் ஒரு பெயரும் ஆளுக்கு ஒரு பெயரும் என்று தெரிந்தால் ஆபீசில் அவளுக்குத் தொந்தரவு வருமோ என்று பயம். அது வருமா வராதா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்துவிட்டு அச்சில் போடுங்கள். பார்வதி என்ற பெயரையும் மாற்றிவிடலாமே என்று கலா சொன்னாள். ஒரு தடவை மாற்றியாயிற்று. இனிமேல் மாற்ற மாட்டேன். எனக்காக இங்கே சொல்லுங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டது இது.

விவரங்களை யாராவது சரிபார்க்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் மூன்று வருடமா நான்கு வருடமா, பேர் பதிந்தபோது பன்னிரண்டு வயதா பதினொன்றா, மாஸ்டர் என்னிடம் சொன்னது எந்த வருடம், இதெல்லாம் எனக்கு உறுதியாக இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஒரு சொல் தப்பாது. லயத்து விவரத்தைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதை அச்சில் போட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களோ வேறு யாராவதோ போய், அவளை உட்கார வைத்து, மருமகளும் பக்கத்தில் இருக்கும்போது, இதை முதலிலிருந்து நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள். நான் அடித்தேன் என்று எழுதியிருக்கிற இடத்தை விட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில் அவள் அப்படி இல்லை என்று சொல்கிறாளோ, அங்கே என் வரியை அடித்துவிட்டு அவள் சொல்வதைப் போடுங்கள்.